முல்லைக்கு வந்த குழல்

(கிளிநொச்சியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்த பெரியவர் ஒரு சங்கீத ஆசிரியர். வன்னியின் பள்ளிக்கூடங்களுக்குச் சைக்கிளில் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயரால் பேச அழைத்தபோது, பிரெஞ்சு இசைப் படைப்பு ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அழைத்தவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். குழலுக்கும் பியானோவுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய படைப்புக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு? அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் என் குழலைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். 2009இல் இடம்பெயர்ந்து போகையில் என் பையில் இருந்தது ஒரேயொரு மூங்கில் குழல். முகாமில் தறப்பாள் கூடாரத்தின் வெக்கையில் ஒரு நாள் அது நீளவாக்கில் வெடித்தது. மெழுகால் வெடிப்பை அடைத்து, தையல் நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். ஊதினால் மேல்தாயிச் சுரங்கள் வரும். கீழ்ச்சுரங்களில் காற்றுத்தான் வரும். அந்தக் குழலை இன்றும் வைத்திருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் கைபேசிக்கு ஒரு ஒலிப்பதிவு அனுப்பினார். ‘கிருஷ்ணா என்று பேர் போட்டிருக்கு, கேட்டுப் பாருங்கோ’ என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்றரை நிமிடம் போல ஒரு குழலும் பியானோவும். கேட்டு முடித்ததும் திரும்பவும் கேட்டேன். அந்நிய மொழி பேசுகிற ஒருவர் நம் வீட்டுப் படலையில் நின்று நம் சொல் ஒன்றைச் சொல்லிக் கூப்பிடுவதைப் போல இருந்தது.

அந்தக் கிருஷ்ணாவை எழுதியவர் அல்பேர் ரூசெல். 1869இல் பிரான்சின் வடக்கே தூர்குவாங் என்ற ஊரில் பிறந்தவர். இசைக்கு வருமுன் அவர் கடற்படை அதிகாரி. 1887இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, கப்பலில் இந்தோசீனா வரை போய், 1894இல் பதவியைத் துறந்தார். பின்னர் பாரிசில் ஸ்கோலா கான்தோரும் என்ற இசைப்பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரும் ஆனார். எரிக் சத்தி அங்கே அவரிடம் பாடம் கேட்டவர். 1908இல் திருமணம். அடுத்த ஆண்டு மனைவி பிளான்ஷுடன் கீழைத்தேயப் பயணம் புறப்பட்டார். இந்தியா, இலங்கை, அப்பால் இந்தோசீனா. போன இடங்களில் காதில் விழுந்த மெட்டுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எல்லோராவின் குகைகளும் ஜெய்ப்பூரும் காசியின் கங்கைக்கரையும் ‘எவோகாசியோன்’ என்ற அவருடைய பெரிய படைப்பின் மூன்று பகுதிகளாயின. சித்தூர்க் கோட்டையின் கதை ‘பத்மாவதி’ என்ற ஆடல் நாடகமாகி 1923இல் பாரிசில் அரங்கேறியது.

இந்த இடத்தில் இன்னொரு பிரெஞ்சுப் படைப்பை நினைக்க வேண்டும். 1863இல் ஜார்ஜ் பிசே ‘முத்துக் குளிப்போர்’ என்ற இசை நாடகத்தைப் பாரிசில் அரங்கேற்றினார். கதை நடக்கும் இடம் இலங்கை. முத்துக்குளிப்பு என்றால் நமக்குத் தெரியும்: மன்னாரும் சிலாவத்துறையும், நம் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும் கடற்கரை. அந்த நாடகத்தின் புகழ்பெற்ற இரட்டைப் பாடலிலும் குழல் இருக்கிறது. யாழ்வகைக் கருவியான ஹார்ப்போடு சேர்ந்து அது ஒலிக்கையில் மனம் கரையும். ஆனால் பிசே இலங்கைக்கு வந்ததேயில்லை. அந்தக் குழலில் மன்னார்க் கடற்கரையின் ஒரு சுரமும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கற்பனையில் கண்ட ஊருக்கும் காதால் கேட்ட ஊருக்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன். ரூசெல் வந்தார், கேட்டார். கேட்ட பிறகு அவசரப்படவும் இல்லை.

1909இல் கேட்டது குழலுக்கு வந்தது 1924இல். பதினைந்து ஆண்டுகள். நடுவில் முதலாம் உலகப் போர். நாற்பத்தைந்து வயதைத் தொட்டிருந்த ரூசெல் திரும்பவும் சீருடை போட்டார். உடல் நலிந்து 1918இல் விடுவிக்கப்பட்டார். பிறகு நோர்மண்டிக் கரையோரத்தில் வீடு எடுத்துக் கடலைப் பார்த்தபடி எழுதிவந்தார். அந்தக் காலத்தில் எழுதியதே ‘குழல் வாசிப்போர்’ என்ற நான்கு சிறு துண்டுகள், அவருடைய 27ஆவது படைப்பு. 1925இல் பாரிசில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. நான்கையும் சேர்த்தால் ஏறத்தாழப் பத்து நிமிடம்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குழல்காரரின் பெயர். முதலாவது பான்: கிரேக்கரின் ஆட்டுக்கால் தெய்வம், நாணற்குழல் ஊதுபவர். இரண்டாவது தித்தீர்: ரோமப் புலவர் வேர்ஜிலின் இடையர். மூன்றாவது கிருஷ்ணா. நான்காவது மெசியே த லா பெஜோதி: ஆன்றி த ரெனியே எழுதிய நாவலில் வரும் ஒரு பிரபு. நான்கையும் அக்காலத்தின் பெருங்குழல் வித்துவான்கள் நால்வருக்கு, மொய்ஸ், பிளங்கார், பிளெரி, கோபேர் என்போருக்கு, முறையே காணிக்கையாக்கினார். கிருஷ்ணா லூயி பிளெரிக்கு. டெபுஸி தனிக்குழலுக்கு எழுதிய ‘சிரிங்ஸ்’ என்ற படைப்பை 1913இல் முதலில் வாசித்தவரும் அதே பிளெரிதான்.

துண்டுகளுக்குப் பெயர் தந்த நால்வரில் மூவர் யார் என்று பாருங்கள். ஆடு மேய்க்கும் தெய்வம், மாடு மேய்க்கும் மனிதன், பசு மேய்த்த கண்ணன். பிரபுவை விட்டால் மீதி எல்லாரும் நம் ஆட்கள். காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை என்றும், முல்லையின் தெய்வம் மாயோன் என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. பட்டியில் மாடு கட்டி, காட்டோரம் மேய்த்து, குளத்தில் தண்ணீர் காட்டி வாழ்ந்த வன்னி முல்லை இல்லையென்றால் வேறு எது முல்லை? பெயரிலேயே முல்லையை வைத்திருக்கும் ஒரு மாவட்டமும் நமக்கு உண்டு.

இரண்டாவது துண்டின் தித்தீரிடம் ஒரு நிமிடம் நிற்போம். வேர்ஜிலின் முதலாவது ஆயர் பாடலில் இரண்டு இடையர்கள். ஒருவன் தித்தீர், மரநிழலில் சாய்ந்து குழல் ஊதுகிறான். அவன் நிலம் அவனிடமே இருக்கிறது. மற்றவன் மெலிபேயுஸ். படைவீரர்களுக்குக் கொடுப்பதற்காக அவனுடைய காணி பறிக்கப்பட்டுவிட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு, உழுத வயலைத் திரும்பிப் பார்த்தபடி ஊரை விட்டுப் போகிறான். இன்றைக்கு ஓர் இரவாவது இங்கே தங்கிப் போ, பழமும் பாற்கட்டியும் இருக்கிறது என்று கடைசியில் தித்தீர் கூப்பிடுகிறான். அப்போது மாலை, மலைகளின் நிழல் நீள்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய இந்தப் பாட்டை வாசிக்கையில் எனக்குக் கேப்பாப்புலவு நினைவுக்கு வரும். 2017இல், படையினர் வசமிருந்த தங்கள் காணிக்கு முன்னால் வீதியோரத்தில் இரவும் பகலும் இருந்த தாய்மாரும் பிள்ளைகளும் நினைவுக்கு வருவார்கள். ரூசெல் தித்தீருக்குக் கொடுத்தது ஒரு நிமிடம் அளவே. துள்ளும் சிறு துண்டு. அந்தத் துள்ளலுக்கு எதிர்ப்பக்கம் ஆடு ஓட்டிப் போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு கேட்டால், அந்த ஒரு நிமிடம் கனக்கும்.

இனிக் கிருஷ்ணாவுக்கு வருவோம்.

ரூசெல் இதற்கு எடுத்துக்கொண்டது வடஇந்தியாவின் ஸ்ரீ ராகம். இங்கே சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் உடனே ‘எந்தரோ மகானுபாவுலு’ என்பார்கள். அது நம் ஸ்ரீ ராகம். கரகரப்பிரியாவின் வழி வந்தது. வடநாட்டு ஸ்ரீ பெயரில்தான் ஒன்று. அதன் சுரங்களைப் பாருங்கள்: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். 51ஆவது மேளமாகிய காமவர்த்தினி, நம் வாய்வழக்கில் பந்துவராளி. கைபேசியில் முதன்முதல் கேட்டபோது படலையில் நின்று கூப்பிட்டது யார் என்று எனக்கு விளங்கியது இந்தச் சுரங்களால்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். தேவாரப் பண்களில் சாதாரி என்று ஒன்று உண்டு. மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் அதில் பல பதிகங்கள் பாடியிருக்கிறார். இன்று ஓதுவார்கள் சாதாரியைப் பந்துவராளியில்தான் பாடுகிறார்கள். இலக்கண நூல்கள் ஐந்து நிலத்துக்கும் கருப்பொருள் வகுக்கும்போது முல்லைக்குரிய பண்ணாகச் சொல்வதும் சாதாரியையே. பழைய சாதாரியின் உருவம் இன்றைய பந்துவராளிதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பண்கள் நூற்றாண்டுகளில் உருமாறியிருக்கின்றன, முல்லைப்பண்ணை மோகனமாகக் கொள்ளும் அறிஞர்களும் உண்டு. ஆனால் இன்று நம் கோயிலில் முல்லைப்பண்ணின் பெயரோடு ஒலிக்கும் சுரங்களையே, நம் மாயோனின் பெயரோடு, ஒரு பிரெஞ்சுக்காரர் நோர்மண்டிக் கரையில் இருந்து எழுதினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பொழுதையும் பாருங்கள். வடநாட்டில் ஸ்ரீ பொழுது சாயும் நேரத்துக்கு உரிய ராகம். முல்லைக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது மாலை. மாடு பட்டிக்குத் திரும்பும் நேரம்; புழுதி எழும் நேரம். வடக்கும் தெற்கும் வேறு வேறு வழியில் நடந்து ஒரே பொழுதில் வந்து சந்திக்கின்றன.

தாளத்தைக் கேட்டால் இன்னும் வியப்பு வரும். அக்காலத்து மேற்கத்திய இசையில் அதிகம் வழங்கியவை இரண்டும் மூன்றும் நாலும். கிருஷ்ணாவை ரூசெல் ஏழில் எழுதினார். தகிட தகதிமி, தகிட தகதிமி என்று நாம் மிஸ்ர சாப்புப் போட்டுக்கொண்டே கேட்கலாம். ஐரோப்பியக் காதுக்கு அது கால் இடறும் நடை. நம் பிள்ளைகளுக்கு அது இரண்டாம் ஆண்டிலேயே கையில் வந்துவிடும் நடை. பியானோ மெதுவாக அசைந்துகொண்டிருக்க, அதன் மேலே குழல் கொடிபோலச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது.

அப்படியென்றால் ரூசெல் பந்துவராளி வாசித்துவிட்டாரா? இல்லை. இதை ஒளிக்காமல் சொல்வதுதான் அவருக்கும் நம் இசைக்கும் மரியாதை.

என் கையிலிருக்கும் இந்த மூங்கிலைப் பாருங்கள். ஊதுதுளையை விட எட்டுத் துளைகள். சட்ஜத்துக்கு முதல் இரண்டையும் மூடுகிறேன். இரண்டாவது விரலை முழுதாக எடுத்தால் சதுச்ருதி ரிஷபம். பந்துவராளிக்கு வேண்டிய சுத்த ரிஷபம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அதற்கென்று துளை கிடையாது. விரலை அரைவாசி எடுக்க வேண்டும். எடுத்ததோடு நிற்காமல் சட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு அசைக்க வேண்டும். அந்த அரைத்துளையில் தோலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடம். அதற்குள்தான் பந்துவராளியின் உயிர் இருக்கிறது. மாலி என்று நாம் கொண்டாடும் டி. ஆர். மகாலிங்கம், 1926இல் பிறந்து 1986இல் மறைந்த மேதை, விரலாலும் மூச்சாலும் இந்தக் கமகங்களை வாய்ப்பாட்டுக்குச் சமமாகக் குழலில் கொண்டுவந்தார்.

மேற்கத்தியக் குழலில் துளையை விரல் நேரே மூடுவதில்லை. 1847இல் தியோபால்ட் பேம் வகுத்த உருளைக்குழலில் மூடிகளும் கம்பிகளும் உண்டு. ஒவ்வொரு சுரமும் தன் அறைக்குள் சுத்தமாக நிற்கும். பிரெஞ்சுக் கைவினைஞர்கள் அந்த மூடிகளின் நடுவே ஓட்டை விட்டார்கள். விரல் காற்றைத் தொட கொஞ்சம் வழி கிடைத்தது. பியானோவுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு தாயிக்குப் பன்னிரண்டு சுரம். கட்டையைத் தட்டியாயிற்று என்றால் சுரம் அசையாது.

ஆகவே ரூசெல் எடுத்தது சுரவரிசையை. கமகத்தையும் சஞ்சாரத்தையும் அவர் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அவர் செய்த நல்ல காரியம், எடுத்ததாகப் பாவனை பண்ணாதது. தன் கருவியால் எவ்வளவு உண்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவை மட்டும் சொன்னார். கேட்டதற்குத் தன் மொழியில் பதில் எழுதினார். அவருக்குப் பின்வந்த ஒலிவியே மெசியான், சாரங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ தொகுத்த 120 தேசித் தாளங்களை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் படித்து, வாழ்நாள் முழுதும் தன் படைப்புகளில் பயன்படுத்தினார். குழலுக்கும் பியானோவுக்கும் அவர் எழுதிய ‘கரும்பாடி’ 1952இல் வந்தது. ஒரு பறவையின் குரலை உற்றுக் கேட்டு எழுதியது. மெசியான் பறவையிடமும் ஏட்டிடமும் போய்க் கேட்டார். ரூசெல் மனிதரிடம் போய்க் கேட்டார். இரண்டிலும் கேள்விதான் முதல்.

நாம் நம்முடையதைக் கேட்டோமா என்ற கேள்வியோடு சிலப்பதிகாரத்துக்குப் போவோம். மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தது யார்? மாதரி என்ற ஆய்ச்சி. கோவலன் சிலம்போடு போன நாளில் ஆயர்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீங்கு நேரப்போகிறது என்று அஞ்சிய ஆய்ச்சியர் குரவை ஆடினார்கள். ஏழு பெண்கள், ஏழு சுரங்கள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலுக்கு நின்றவளை மாயவன் என்றார்கள். இளிக்கு நின்றவளைப் பலராமன் என்றார்கள். துத்தத்துக்கு நின்றவளை நப்பின்னை என்றார்கள். கொன்றைக்குழலும் ஆம்பற்குழலும் முல்லைக்குழலும் அந்தக் காதையில் ஒலிக்கின்றன. ரூசெல் கிருஷ்ணனுக்கு ஒரு சுரவரிசை தேடினார். நம் இளங்கோவோ கிருஷ்ணனையே ஒரு சுரமாக, ஆதாரக் குரலாக நிறுத்திவிட்டார். இந்த இசையையெல்லாம் நுணுகி ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர் நம் காரைதீவு விபுலாநந்த அடிகள்.

அந்தக் கண்ணகி நம்மிடமும் வந்தாள். வற்றாப்பளைக் கண்ணகி கோயிலின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்தாள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்தால் தலை நிறையக் கண்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். மதுரையில் இடைச்சி வீட்டில் தங்கியவள், வன்னியில் இடைப்பிள்ளைகளுக்கே முகம் காட்டினாள். அந்தச் சிறுவர்கள் கையில் குழல் இருந்ததாகக் கதை சொல்லவில்லை. ஆனால் மாடு மேய்க்கிற பிள்ளை சும்மா இருக்காது. பூவரசம் இலையைச் சுருட்டியாவது பீப்பீ ஊதும், பப்பாசிக் காம்பில் துளையிட்டாவது ஊதும். நம் முதல் குழல் அதுதான்.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். போனவர் வருவார் என்று ஆற்றிக்கொண்டு இருப்பது. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தோம். 2017 பெப்ரவரியில் இருந்து இதே கிளிநொச்சியில், கந்தசாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளுக்காகத் தாய்மார் இருக்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சொல்லின் முழுப் பாரம் எனக்குத் தெரிந்தது. காணிக்காக இருந்தவர்களும் பிள்ளைகளுக்காக இருப்பவர்களும் கூடிய நிலம் இது. இசையால் அந்த இருப்புக்கு முடிவு கட்ட முடியாது. ஆனால் இருக்கிறவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்க முடியும். கேட்பது இருத்தலின் ஒரு வடிவம். ரூசெல் ஒரு மெட்டோடு பதினைந்து ஆண்டுகள் இருந்தார். அந்தப் பொறுமைதான் அவர் நமக்குக் காட்டிவிட்டுப் போனது.

ஆகவே இந்த மேடையில் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒன்று, முதியவர்களிடம் போய்க் கேளுங்கள். மாட்டைக் கூப்பிடும் குரல், ஏர் ஓட்டும் மெட்டு, முள்ளியவளையின் கோவலன் கூத்துப் பாட்டு எல்லாவற்றையும் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். யார், எந்த ஊர், எந்த நாள் என்றும் எழுதிவையுங்கள். இரண்டு, குழல் படிக்கும் பிள்ளைகள் மேற்கத்திய சுரக்குறிப்பையும் படிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு கீபோட் இருந்தாலே கிருஷ்ணாவைத் தொடங்கலாம். அதை வாசித்தால் நம்முடையது எதை இழந்து அங்கே போனது, எதைப் பெற்றது என்று கைவிரலுக்கே தெரியும். மூன்று, கேட்டதை உடனே மேடையேற்ற அவசரப்படாதீர்கள். கொஞ்சக் காலம் அதோடு இருங்கள்.

பேச்சை நிறுத்துகிறேன். வெளியே பொழுது சாய்கிறது. இந்தச் சுரங்களுக்கு இதுதான் நேரம். என் மாணவி ஒருத்தி கிருஷ்ணாவின் முதல் பகுதியை மூங்கிலில் வாசிப்பாள். அவள் தம்பி கீபோட்டில் பியானோவின் பங்கை வாசிப்பான். எழுதியபடியே ஒருமுறை. பிறகு அதே சுரங்களில், அந்த அரைத்துளைக்குரிய அசைவோடு, பந்துவராளியாக ஒருமுறை. இரண்டுக்கும் நடுவே கை தட்டாதீர்கள். அந்த இடைவெளியில் கொஞ்சம் இருப்போம்.